ஒரு முகமூடி காப்பாற்றிய இரண்டு கண்கள்!

உங்கள் பள்ளியில் 'லேப்' எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மாடியின் கோடியில், ஒரு பெரிய பூட்டுத் தொங்கும் அறையாக இருக்கும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று கலர் கலராகப் பாட்டில்கள். சில நாட்களில் அந்தப் பக்கம் போனாலே அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கும். "அண்ணன்மார்களும் அக்காமார்களும் உள்ளே என்னதான் செய்கிறார்கள்? நாம் எப்போது அங்கே போவோம்?" என்று ஏங்காதவர் உண்டா?

போகத்தான் போகிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு கதை. உண்மைக் கதை!

லண்டனில் ஒரு பையன் இருந்தான். அப்பா கொல்லர். வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். புத்தகங்களுக்கு பைண்டிங் போடும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தான். அறிவியல் மேல் அப்படி ஒரு பைத்தியம்! 1812-ல் ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. கேட்டதையெல்லாம் அழகாக எழுதி, படம் வரைந்து, தானே பைண்டிங் போட்டு டேவிக்கே அனுப்பி வைத்தான். "உங்களிடம் ஏதாவது வேலை கிடைக்குமா?"

அந்தப் பையனின் பெயர் மைக்கேல் ஃபாரடே. பிற்காலத்தில் மின்சார மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் அடிப்படை போட்டாரே, அதே ஃபாரடே!

அவருக்கு டேவியிடம் முதல் வேலை எப்படிக் கிடைத்தது தெரியுமா? ஒரு விபத்தால்!

பிரான்ஸ் நாட்டில் டூலாங் என்ற வேதியியலாளர் 1811-ல் ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்திருந்தார். நைட்ரஜன் ட்ரைகுளோரைடு. மஞ்சள் நிறம், எண்ணெய் மாதிரி இருக்கும். பார்த்தால் பரம சாது. ஆனால் கொஞ்சம் சூடு பட்டாலும் வெடிக்கும், வெளிச்சம் பட்டாலும் வெடிக்கும், லேசாகத் தட்டினாலும் வெடிக்கும்! டூலாங் அதற்கு ஒரு கண்ணையும் கைவிரல்களையும் பறிகொடுத்தார். இந்தச் செய்தி ஆம்பியர் எழுதிய கடிதம் மூலம் டேவிக்கு வந்து சேர்ந்தது. (ஆமாம், மின்னோட்டத்தை அளக்கிறோமே, அந்த ஆம்பியர்தான்.)

கடிதத்தைப் படித்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? "ஐயையோ, வேண்டாம்" என்று ஒதுங்கியிருக்கலாம். செய்தே தீருவது என்றால் முகத்தை மூடிக்கொண்டாவது செய்திருக்கலாம். டேவி அப்படிச் செய்யவில்லை. தானும் தயாரித்துப் பார்த்தார். 'டமார்!' கண்ணாடித் துண்டு கண்ணில் பாய்ந்தது. கொஞ்ச நாள் அவரால் எழுதக்கூட முடியவில்லை. சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை நம் பைண்டிங் கடைப் பையனுக்குக் கிடைத்தது!

அடுத்த வருடம், 1813-ல், ஃபாரடேவுக்கு ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. டேவி அந்த மஞ்சள் எண்ணெயை இன்னும் விடவில்லை! குருவும் சிஷ்யனும் சேர்ந்து மறுபடி அதே ஆராய்ச்சி. ஆனால் இந்த முறை இருவரும் கண்ணாடி பதித்த முகமூடி போட்டுக்கொண்டார்கள்.

ஏப்ரல் மாதம் ஃபாரடே தன் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். இதுவரை நான்கு வெடிப்புகளிலிருந்து தப்பித்துவிட்டதாக அதில் சொல்கிறார். அவற்றில் ஒன்றில், அந்தப் பொருள் இருந்த சின்னக் குழாயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்திருந்தாராம். வெடித்த வேகத்தில் மூடியிருந்த கை தானாகத் திறந்துகொண்டது. ஒரு நகத்தின் ஒரு பகுதி பிய்ந்து போனது. சிதறிய கண்ணாடித் துண்டுகள் முகமூடியின் கண்ணாடியையே கீறிவிட்டன.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முகமூடியில் விழுந்த அந்தக் கீறல், முகமூடி இல்லாவிட்டால் எங்கே விழுந்திருக்கும்? அப்போது ஃபாரடேவுக்கு வயது 21. மின்சாரத்தைப் பற்றி அவர் எதையும் கண்டுபிடித்திருக்கவில்லை. மோட்டார் 1821-ல்தான் வரப் போகிறது. காந்தத்தை வைத்து மின்சாரம் உண்டாக்கியது 1831-ல். இன்று உங்கள் வீட்டில் ஃபேன் சுற்றுகிறதே, அதற்குப் பின்னால் அந்தக் கீறல் விழுந்த முகமூடியும் இருக்கிறது!

கண்ணாடி போட்டவர்களும் கேளுங்கள்

"சார், எங்கள் லேபில் வெடிகுண்டு எல்லாம் செய்வதில்லையே!" என்கிறீர்களா? சரிதான். ஆனால் அமிலம் தெறிக்கும். சோடா உப்புக் கரைசல் தெறிக்கும். சூடான டெஸ்ட் டியூப் பட்டென்று விரிசல் விடும். இதில் எதுவும் "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராது. கண்ணை மூடுவதற்குள் வந்துவிடும்.

அதனால்தான் பக்கவாட்டிலும் மறைப்பு உள்ள பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். பவர் கண்ணாடி போட்டிருக்கும் நண்பர்கள், "எனக்குத்தான் ஏற்கெனவே கண்ணாடி இருக்கிறதே" என்று நினைக்க வேண்டாம். அது எதிரே வருவதைத்தான் தடுக்கும். பக்கத்துப் பையன் டெஸ்ட் டியூபிலிருந்து தெறிப்பது பக்கவாட்டில்தான் வரும்! பவர் கண்ணாடிக்கு மேலேயே போடும்படி பெரிய பாதுகாப்புக் கண்ணாடிகளும் கிடைக்கின்றன.

நம் ஊரில் பல பள்ளிகளில் இந்தக் கண்ணாடி கிடையாது என்பது எனக்கும் தெரியும். அறிவியல் சாரிடமோ மிஸ்ஸிடமோ கேட்டுப் பாருங்கள். அப்பா அம்மா, ஆசிரியர் கூட்டத்துக்கு வரும்போது அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

டெஸ்ட் டியூபைச் சூடாக்கும்போது, அதன் வாய் உங்களையும் பார்க்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கக்கூடாது. பாதிக்கும் குறைவாகத்தான் திரவம் இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்து, ஆட்டிக்கொண்டே சூடாக்க வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் அடியில் இருப்பது திடீரென்று கொதித்து, மேலே இருப்பதையெல்லாம் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே தள்ளிவிடும்.

அம்மாவின் வாணலியும் அமிலமும்

வீட்டில் அம்மா அப்பளம் பொரிக்கும்போது, காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? படபடவென்று வெடித்து எண்ணெய் தெறிக்கும். எல்லோரும் அடுப்படியை விட்டு ஓடுவோம்!

அடர் கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றினாலும் கிட்டத்தட்ட இதே கூத்துதான். அமிலமும் தண்ணீரும் சேரும்போது ஏகப்பட்ட வெப்பம் வெளியாகும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. ஒரு லிட்டர் அடர் கந்தக அமிலத்தின் எடையோ ஏறக்குறைய 1.84 கிலோ! எனவே மேலே ஊற்றுகிற தண்ணீர், கனமான அமிலத்தின் மேல் மிதக்கும். இரண்டும் தொடும் இடத்தில் உண்டாகும் சூடு முழுவதும் அந்தக் கொஞ்சத் தண்ணீருக்கே போகும். அது அப்படியே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து வாரி இறைக்கும். யார் மேல்? ஊற்றியவர் மேல்தான்!

மாற்றிச் செய்தால்? நிறையத் தண்ணீரில் அமிலத்தைக் கண்ணாடிக் கம்பி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால், கனமான அமிலம் கீழே இறங்கிக்கொண்டே கலக்கும். வெப்பத்தை வாங்கிக்கொள்ள நிறையத் தண்ணீர் இருக்கிறது. பாத்திரம் சூடாகும், அவ்வளவுதான். பொருள் அதேதான், அளவும் அதேதான். ஊற்றுகிற வரிசை மட்டும்தான் வேறு! தண்ணீருக்குத்தான் அமிலம் விருந்தாளியாகப் போக வேண்டும். அமிலத்தின் வீட்டுக்குத் தண்ணீர் போகவே கூடாது. இதுவும்கூட ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போதுதான்.

நாக்கு ஒரு சோதனைக் கருவியா?

ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். சுவீடன் நாட்டில் ஷீலே என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். மகா கெட்டிக்காரர். ஆக்ஸிஜனை முதலில் தயாரித்தவர்களில் ஒருவர். குளோரினைத் தயாரித்தவரும் அவர்தான். ஆனால் கையில் கிடைக்கும் எந்தப் பொருளையும் முகர்ந்து பார்ப்பார், நாக்கிலும் வைத்துப் பார்ப்பார்! பயங்கர விஷமான ஹைட்ரஜன் சயனைடின் ருசி எப்படி இருந்தது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். 1786-ல் இறந்தபோது அவருக்கு 43 வயதுதான். ஆர்சனிக், பாதரசம் போன்ற நஞ்சுகளோடு ஆண்டுக்கணக்கில் பழகியதுதான் அவர் உடம்பைக் கெடுத்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒரு கதையும் இருக்கிறது. 1879-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஃபால்பெர்க் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்தார. ஒரு நாள் வேலை மும்முரத்தில் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ரொட்டியைக் கடித்தால், என்ன இது, இப்படி இனிக்கிறது! வாயைத் துடைத்தால் துணியும் இனிக்கிறது. விரலை நக்கினால் சர்க்கரையைவிட இனிப்பு! சாப்பாட்டை விட்டுவிட்டு ஆய்வகத்துக்கு ஓடி, மேஜை மேல் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் ருசி பார்த்தார். சாக்கரின் கிடைத்தது!

"ஆஹா, கை கழுவாவிட்டால் நாமும் எதையாவது கண்டுபிடிக்கலாமே!" என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பாத்திரங்களில் ஒன்றில் விஷம் இருந்திருந்தால் இனிப்பின் கதையைச் சொல்ல ஃபால்பெர்க் இருந்திருக்க மாட்டார். அவருக்கு அதிர்ஷ்டம். ஷீலேவுக்கு அது இல்லை.

லேபில் மிட்டாய் வேண்டாம், டிபன் பாக்ஸ் வேண்டாம், தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். நகம் கடிக்கிற ஆசாமிகளும், பேனா மூடியைக் கடிக்கிற ஆசாமிகளும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அப்புறம் கடியுங்கள்! (கடிக்காமலே இருந்தால் இன்னும் நல்லது.)

முகர்வதற்கும் ஒரு முறை உண்டு. பாட்டிலில் மூக்கை நுழைக்கக் கூடாது. சற்றுத் தள்ளிப் பிடித்து, கையால் விசிறி, லேசாக வரும் வாசனையை மட்டும் பிடிக்க வேண்டும். இதுவும் ஆசிரியர் முகரச் சொன்னால் மட்டும். அந்த அழுகிய முட்டை நாற்றம் சொன்னேனே, அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் நாறும். அளவு கூடினால் மூக்கின் முகரும் சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும்! "நாற்றம் போய்விட்டது" என்று நாம் நினைப்போம். வாயு போயிருக்காது. அதனால்தான் அதைத் தயாரிக்கும்போது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

என் கதையும் ஒன்று

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு என் கதையை மறைப்பது நியாயமில்லை. நான் பிளஸ் டூ படித்தபோது நடந்தது இது.

பிப்பெட் என்று ஒரு நீளமான கண்ணாடிக் குழாய். இளநீரில் ஸ்டிரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி வாயால் உறிஞ்சி, அளவுக்கோடு வரை கரைசலை ஏற்றுவோம். எனக்கு அன்று ஏதோ அவசரம். பக்கத்து மேஜை நண்பன் என்னைவிட முன்னால் முடித்துவிடுவான் போலிருந்தது. பீக்கரில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. பிப்பெட்டின் நுனி கரைசலை விட்டு வெளியே வந்ததும் காற்று உள்ளே புகுந்தது. குழாயில் இருந்தது அத்தனையும் சர்ரென்று வாய்க்குள்!

முதலில் சோப்பைக் கடித்த மாதிரி வழுவழுவென்று இருந்தது. அப்புறம் எரிச்சல். நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரும் பார்க்காதபோது கைக்குட்டையில் துப்பிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நின்றேன்! சார் திட்டுவாரே, மார்க் குறைப்பாரே என்ற பயம். முகம் போன போக்கைப் பார்த்து அவரே கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினார். பெல் அடிக்கிற வரை கொப்பளிக்க வைத்தார். நீர்த்த கரைசல் என்பதால் பிழைத்தேன். இரண்டு நாள் தயிர் சாதம்கூட எரிந்தது.

அதன்பின் எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. பிப்பெட்டின் தலையில் மாட்டி அமுக்கி உறிஞ்சுகிற ரப்பர் பல்பு கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. இன்னமும் சில பள்ளிகளில் வாயால்தான் உறிஞ்சுகிறார்கள் என்று கேள்விப்படும்போது என் நாக்கு எரிகிற மாதிரி இருக்கும்!

ஒற்றைக் கண் பேராசிரியர்

லேபில் மேஜைக்கு மேஜை நிற்கிற அடுப்புக்கு ஒரு மனிதரின் பெயர். ராபர்ட் புன்சன், ஜெர்மனிக்காரர். இளம் வயதில் ஆர்சனிக், அதாவது பாஷாணம், கலந்த பொருட்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒன்று வெடித்து அவருடைய வலது கண் பார்வையைப் பறித்துவிட்டது. அதன்பிறகும் அவர் ஆய்வகத்தை விடவில்லை. 1855-ல் டெசாகா என்ற கருவிப் பொறியாளரின் கைவேலையில் புன்சன் அடுப்பு உருவானது. அதன் நிறமில்லாத சுடரில் உப்புகளைக் காட்டி, அவை தரும் வண்ணங்களைக் கிர்க்காஃப் என்ற நண்பரோடு சேர்ந்து ஆராய்ந்தார். சீசியம், ருபீடியம் என்ற இரண்டு புதிய தனிமங்கள் கிடைத்தன. மிச்சமிருந்த ஒரு கண்ணால் பார்த்தது அது!

அந்த அடுப்பில் காற்று நுழையும் துளையை மூடினால் சுடர் மஞ்சளாக இருக்கும். திறந்தால் நீலமாகி, சூடு ஏறிவிடும். நல்ல வெயில் வெளிச்சத்தில் நீலச் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. "அணைந்திருக்கிறது" என்று நினைத்து மேலே கையை நீட்டினால் போச்சு! அதனால் அடுப்பை உபயோகிக்காத நேரத்தில் மஞ்சளாக வைத்திருக்க வேண்டும். பற்ற வைக்கும்போது முதலில் தீக்குச்சி, அப்புறம் கேஸ். கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடக் கூடாது.

கேஸ் இல்லாத பள்ளிகளில் ஸ்பிரிட் விளக்கு இருக்கும். ஒரு விளக்கைச் சாய்த்து இன்னொரு விளக்கிலிருந்து பற்ற வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. கார்த்திகை தீபமா இது? சாய்க்கும்போது ஸ்பிரிட் வழிந்து மேஜை முழுக்கத் தீ பரவும். எரியும்போதே ஸ்பிரிட் ஊற்றுவது அதைவிட மோசம். அணைக்க வேண்டுமா? ஊதக் கூடாது. மூடியைப் போட்டு மூடினால் காற்று கிடைக்காமல் தானே அணையும்.

அக்காமார்கள் துப்பட்டாவை பின் குத்திக்கொண்டு, பின்னலை முன்னால் விழாமல் கட்டிக்கொண்டுதான் அடுப்புக்குப் பக்கத்தில் போக வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி எரிவதோடு நிற்காது, உருகித் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணிக் கோட்டு அதைவிட எவ்வளவோ மேல். செருப்பைவிட மூடிய ஷூ நல்லது. சிந்துகிற அமிலம் முதலில் தேடி வருவது உங்கள் கால்விரலைத்தான்!

இன்னொரு வேடிக்கை. சூடான இரும்பு சிவந்து காட்டிக்கொடுக்கும். சூடான கண்ணாடி காட்டிக்கொடுக்காது. ஜில்லென்று இருக்கும் கண்ணாடியும் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கிய கண்ணாடியும் ஒரே மாதிரிதான் இருக்கும். புறங்கையைக் கொஞ்சம் தள்ளிக் காட்டிப் பார்த்தால் சூடு தெரிந்துவிடும்.

உறை போட்டும் காக்கவில்லை

இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். நீங்கள் பெரிய பிள்ளைகள்தானே, சொல்கிறேன்.

அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியை இருந்தார். நச்சு உலோகங்கள் உடம்பை எப்படிப் பாதிக்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியே. 1996 ஆகஸ்டில் ஒரு நாள் அவர் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசப் பொருளைக் கையாண்டார். கண்ணாடி போட்டிருந்தார். ரப்பர் கையுறை போட்டிருந்தார். புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடி அலமாரிக்குள்தான் வேலை செய்தார். அன்று இருந்த விதிகள் அனைத்தையும் கடைப்பிடித்தார். ஓரிரு சொட்டுகள் கையுறை மேல் விழுந்தன. கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவினார்.

உடனே ஒன்றுமே தெரியவில்லை. 1997 ஜனவரியில் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ஜூன் மாதம் இறந்துபோனார். பிறகு சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தத் திரவம் ரப்பர் கையுறையைச் சில நொடிகளில் ஊடுருவிவிடுமாம்! அவருக்கு அது தெரியாது. அன்று அநேகமாக யாருக்குமே தெரியாது. அவருடைய மருத்துவரும் சக விஞ்ஞானிகளும் அதை ஊரறிய எழுதினார்கள். உலகெங்கும் கையுறை விதிகள் மாறின.

மேரி கியூரி அம்மையாரின் காலத்திலும் இப்படித்தான். ரேடியத்தின் ஆபத்து அப்போது சரியாகத் தெரியாது. அதைக் குழாயில் போட்டு கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நடப்பாராம். 1934-ல் ரத்தம் சுரப்பது குன்றிப்போய் இறந்தார். அவருடைய குறிப்பு நோட்டுகள் பாரிஸ் நகரில், ஈயத் தகடு பதித்த பெட்டிகளில் இருக்கின்றன. ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும்!

நம் பள்ளி லேபில் இத்தகைய பொருட்கள் கிடையாது, பயப்பட வேண்டாம். ஆனால் பாட்டில் லேபிளைப் படிக்கிற வழக்கம் இப்போதே வரட்டும். சிவப்புக் கரை போட்ட சாய்சதுரத்துக்குள் படம் இருக்கும். தீச்சுடர் என்றால் எளிதில் பற்றும். மண்டையோடு என்றால் கொடிய விஷம். கையின் மேல் சொட்டுச் சொட்டாக விழுகிற படம் என்றால் தோலை அரிக்கும். மொத்தம் ஒன்பது படங்கள். ஐக்கிய நாடுகள் சபை வகுத்தவை. எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

பட்டுவிட்டால்?

தண்ணீர்! தண்ணீர்! தண்ணீர்! அமிலம் பட்டாலும் காரம் பட்டாலும் குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். "அமிலத்துக்கு மேல் காரத்தை ஊற்றினால் சரியாகிவிடும்" என்று சில மேதாவிகள் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தால் வெப்பம் வரும், புண் இன்னும் மோசமாகும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடமாவது தண்ணீர் விட வேண்டும். பிறகு நேரே டாக்டரிடம்.

தீப்புண்ணுக்கும் ஓடுகிற தண்ணீர்தான், 20 நிமிடம். நம் வீடுகளில் உடனே பேனா மையைத் தேடுவார்கள், டூத் பேஸ்ட்டை அப்புவார்கள். ஐஸ் கட்டியும் வைப்பார்கள். எதுவும் கூடாது. மையைப் பூசினால் காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டரால் பார்க்கக்கூட முடியாது! உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் காற்றுப் பட்டு இன்னும் எரியும். நில், படு, உருள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உடனே சொல்லிவிடுவது. பீக்கர் உடைந்தால் காசு கட்டச் சொல்வார்களே என்று உடைசலைக் காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டுப் போகிற நண்பர்கள் உண்டு. மறுநாள் காலையில் பெருக்க வருகிற ஆயாவின் கையைத்தான் அது கிழிக்கும். தர்மாமீட்டர் உடைந்து பாதரசம் உருண்டால் "அழகாக இருக்கிறதே" என்று உள்ளங்கையில் வைத்து விளையாடாதீர்கள். அதன் ஆவி விஷம். அதையும் சொல்லிவிடுங்கள்.

வீட்டு விஞ்ஞானிகளே!

லேபுக்குப் போகிற வயது வராத வாண்டுகள் வீட்டிலேயே லேப் நடத்துவது எனக்குத் தெரியும். சோடா உப்பும் வினிகரும் கலந்து எரிமலை செய்யலாம், செம்பருத்திப் பூச்சாற்றில் எலுமிச்சை பிழிந்து நிறம் மாற்றலாம். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கழிவறை கழுவுகிற அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதலாம் உலகப் போரில், 1915-ல், எதிரிப் படைமீது ஏவிய அதே வாயு! வீட்டில் யாராவது ஆசிட்டையோ ஃபினாயிலையோ பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால், இன்றே அப்பாவிடம் சொல்லி எடுத்துவிடச் சொல்லுங்கள். தாகத்தோடு ஓடி வருகிற தம்பிக்குப் பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

மறுபடி ஃபாரடேவிடம் போவோமா? ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் உங்களைப் போன்ற சிறுவர் சிறுமியருக்காக அறிவியல் சொற்பொழிவு நடக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது மட்டும் சில ஆண்டுகள் நின்றிருந்தது. ஃபாரடே மட்டுமே 19 முறை பேசியிருக்கிறார். 1860-ம் ஆண்டு இறுதியில், அறுபத்தொன்பது வயது ஃபாரடே, அரங்கம் நிறைய உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முன்னால் வந்து நின்றார். மேஜை மேல் ஒரு சாதாரண மெழுகுவர்த்தி. அது ஏன் எரிகிறது, எப்படி எரிகிறது, புகை எங்கே போகிறது என்று ஆறு சொற்பொழிவுகளில் விளக்கினார். ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். அன்று அந்தச் சுடரை உற்றுப் பார்த்தது, 47 வருடங்களுக்கு முன் ஒரு முகமூடிக்குப் பின்னால் இருந்த அதே இரண்டு கண்கள்!